பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய பாட்டு

(எமது சங்கத்தின் மாதர் பிரிவும் இளைஞர் பிரிவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. கூட்டத்துக்கு வரமுடியாமற்போன தோட்டக் கமிட்டிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



சம்பளப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருக்கிறது. லயத்துத் தகரம் ஒழுகுகிறது. இந்த நேரத்தில் சங்கக் கூட்டத்தில் கவிதையைப் பற்றி என்ன பேச்சு என்று சில பேர் வாசலிலேயே கேட்டார்கள். கேட்டது நியாயம். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நாங்கள் தொடங்க வேண்டும்.

கடந்த பெப்ரவரி 4 ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, தோட்டப் பாடசாலை ஒன்றின் விழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். கொடி ஏற்றினார்கள். பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தேசபக்திக் கவிதை ஒன்றை மனப்பாடமாகச் சொன்னாள். கடல் சூழ்ந்த தீவு, முத்து, நெல் வயல், மன்னர்கள் கட்டிய குளங்கள், பச்சை மலை, மலையிலிருந்து விழும் அருவி, எல்லாம் அதில் வந்தன. ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவளுடைய அம்மாயி எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அவரும் கை தட்டினார். தட்டி முடித்துவிட்டு எங்கள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்:

"பாட்டு நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. மலை வருது, அருவி வருது. அந்த மலையில நிக்கிற ஆளு எங்க?"

நாங்கள் பதில் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்தோம். மேடையில் மணிக்கணக்காகப் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள். அந்த அம்மாவின் ஒரு கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கேள்விக்குக் காலம் தாழ்த்திச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தேசபக்தன்" என்று பெயர் வைத்தவர்கள்

தேசபக்தி என்ற சொல் நமக்குப் புதியதல்ல. தோட்டத் தொழிலாளிக்காகக் குரல் கொடுத்த முதல் பத்திரிகைகளில் ஒன்றின் பெயரே "தேசபக்தன்" தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்த கோ. நடேசய்யர் 1924 ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். பெரிய கங்காணியின் கடன், பற்றுச்சீட்டுக் கொடுமை, துரையின் அடி உதை, எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதினார். 1931 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சங்கத்தையும் அமைத்தார். வெளியாள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறல் என்று பிடித்துக்கொடுக்கும் காலம் அது. அதனால் புடைவை வியாபாரியைப் போல வேஷமிட்டு அவர் லயங்களுக்குள் போனார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அவரோடு சேர்ந்து உழைத்தவர் அவருடைய மனைவி மீனாட்சியம்மை. நமது மாதர் பிரிவு இந்தப் பெயரை மறக்கக் கூடாது. கூட்டம் தொடங்குமுன் அவர் பாரதியின் பாட்டுகளைப் பாடுவார். பிறகு தாமே பாட்டுக் கட்டினார். அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகளை நீக்கும் நடவடிக்கை 1939 ஆம் ஆண்டு வந்தபோது, நம் மக்களின் நிலைமையைச் சொல்லும் பாட்டுகளை எழுதி 1940 ஆம் ஆண்டு சிறு நூலாக வெளியிட்டார். அவற்றைச் சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த மெட்டுகளில் அமைத்தார்.

ஏன் தெரிந்த மெட்டு? யோசித்துப் பாருங்கள். அன்று லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர். நோட்டீசு கொடுத்தால் கணக்கப்பிள்ளை பறித்துக்கொள்வார். பாட்டை யாரும் பறிக்க முடியாது. ஒருமுறை கேட்டால் மறுநாள் மலையில் நிரையோடு போகும்போது வாயில் வரும். பீலிக்கரையில் துணி துவைக்கும்போது வரும். தொட்டில் ஆட்டும்போதும் வரும். தோட்டத்து எல்லைக் கம்பியைத் தாண்டி உள்ளே வந்த முதல் தொழிற்சங்க உறுப்பினர் பாட்டுத்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அவர் பாடிய பாரதியும் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் பெண்களுக்காக அழுது பாடியவர் அவர். அவருடைய தேசபக்திக்குள் கூலிப் பெண்ணின் கண்ணீரும் இருந்தது. அருவியையும் பாடினார், ஆளையும் பாடினார். இன்னொன்றும் செய்தார். விடுதலையைப் பெரியவர்களிடம் மட்டும் பேசாமல் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். ஒரு சின்னப் பெண் பிள்ளையைப் பார்த்துப் "பாப்பா பாட்டு" பாடினார். ஔவையார் எழுதிய ஆத்திசூடியைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஓதிவந்த காலத்தில், அதே வடிவத்தில் அச்சம் இல்லாமல் வாழச் சொல்லும் "புதிய ஆத்திசூடி"யை எழுதினார். 1921 ஆம் ஆண்டு, நாற்பது வயது நிரம்புவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். அதற்கு 26 ஆண்டுகள் கழித்துத்தான் இந்தியாவுக்கு விடுதலை வந்தது. தான் காணமாட்டாத ஒரு நாளுக்கான வேலையைப் பிள்ளைகளின் நாவில் வைத்துவிட்டுப் போனார். கடமையை ஒப்படைப்பது என்றால் அதுதான்.

யாருக்கு எது கடமை

கடமையை ஒப்படைக்கும் கவிதை தமிழில் மிகப் பழையது. புறநானூற்றில் பொன்முடியார் என்ற பெண்புலவர் பாடிய ஒரு பாட்டு உண்டு. பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தாய் ஆளுக்கொரு கடமையைச் சொல்கிறாள். பெற்று வளர்ப்பது தன் கடமை. தகப்பன், கொல்லன், அரசன் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. கடைசியில் போருக்குப் போய் வென்று வருவது மகனின் கடமை.

நமது தோட்டத்திலும் நெடுங்காலம் அப்படி ஒரு கடமைப் பட்டியல் இருந்தது. யாரும் அதைப் பாட்டாக எழுதவில்லை. செக்ரோலில் எழுதினார்கள். பெற்றுப்போடுவது தாயின் வேலை. பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது ஆயாவின் வேலை. பேர் பதிவது கங்காணியின் வேலை. வேலை வாங்குவது துரையின் வேலை. வளர்ந்து அதே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதே மலையில், அதே நிரையில் நிற்பது பிள்ளையின் கடமை. தலைமுறை தலைமுறையாக நம்மிடம் கைமாறியது கூடையும் கவ்வாத்துக் கத்தியும்தான். லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. மண்ணில் ஒரு பேர்ச்சஸும் கிடையாது. உழைப்பதற்கான கடமையை மட்டும் முதுசமாகத் தந்தார்கள்.

அந்தப் பட்டியலை மாற்றி எழுதிய வேலையைத்தான் நம் கவிஞர்கள் செய்தார்கள். உழைப்பது மட்டும் உன் கடமையல்ல, உழைத்த மண்ணைக் கேட்பதும் உன் கடமை என்று சொன்னார்கள்.

நாடு விடுதலை பெற்ற ஆண்டு

1948 பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே 1948 ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் மிகப் பெரும்பாலோர் அதன் வெளியே நிறுத்தப்பட்டோம். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. நாட்டுக்கு விடுதலை வந்த வருடம் நமக்கு நாடு இல்லாமற்போன வருடம். இதை நம் பிள்ளைகள் சுதந்திர தினத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா?

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்களில் தலவாக்கலை உறுப்பினர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடை, மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டு பிறந்தவர். தொழிற்சங்கவாதி, அரசியல்வாதி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கவிஞர். தன்னைத் தெரிந்தெடுத்த மக்களின் வாக்கு பறிக்கப்படுவதை அவர் பாராளுமன்றத்தில் இருந்தபடியே பார்த்தார். சட்டத்தைத் தடுக்க அந்த ஏழு பேரின் கைகள் போதவில்லை.

அந்த மனிதர் பிறகு எழுதிய நெடுங்கவிதைதான் "தேயிலைத் தோட்டத்திலே". அதை அவர் முதலில் ஆங்கிலத்தில் எழுதினார். சக்தீ அ. பாலையா தமிழுக்குக் கொண்டுவந்தார். சட்டம் போட்டவர்களும் தேயிலையைக் குடித்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஆங்கிலத்தில் எழுதினார் என்று நாங்கள் நினைக்கிறோம். அந்தக் கவிதையில் அவர் கொடியை வாழ்த்தவில்லை. தேயிலைத் தூருக்கு அடியில் உரமாகிப்போன நம் முன்னோர்களை நினைக்கிறார். பேர் பொறித்த கல்லும் அழுது பாட ஆளும் இல்லாமல் அவர்கள் மண்ணுக்குள் கிடக்கிறார்கள் என்று நெஞ்சு நோகச் சொல்கிறார். பிறகு தப்புச் சத்தத்தோடு விடியும் நம் நாளைப் பாடுகிறார்.

இது அழுகைக் கவிதை என்று சிலர் சொல்வார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. பிரஜாவுரிமைக் காரியாலயத்தில் நம் ஆட்களிடம் என்ன கேட்டார்கள்? அத்தாட்சி கேட்டார்கள். தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி, இத்தனை வருடம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி. நம்மிடம் கடதாசி இல்லை. அப்போது ஒரு கவிஞர் எழுந்து, இதோ இந்த மண்ணைத் தோண்டிப் பார், எங்கள் அத்தாட்சி உள்ளே இருக்கிறது என்றார். காணி உறுதி இல்லாத சனத்துக்கு அவர் எழுதித் தந்த உறுதி அது. நம் கவிதையில் நாட்டுப்பற்று இந்த விதமாகத்தான் வந்தது. புகழ்ச்சியாக வரவில்லை, உரிமைக் கேள்வியாக வந்தது.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். தோட்டம் தோட்டமாகப் பாடப்பட்டுவந்த பாட்டுகளைச் சேர்த்து "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற புத்தகமாக 1983 ஆம் ஆண்டு தந்தார். மறு ஆண்டு அவர் காலமானார். கங்காணியைக் கிண்டல் பண்ணிய பாட்டு, வந்த வழியை நினைத்த பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அப்படித்தான் அச்சுக்கு வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத நம் அப்பாயிமாரும் அம்மாயிமாரும் கவிஞர்கள் என்று அந்தப் புத்தகம் சாட்சி சொல்கிறது. அவர்களுக்குப் பின்னால், தோட்டத்தில் உழைத்துக்கொண்டே கவிதை எழுதிய குறிஞ்சித்தென்னவன் போன்றவர்கள் வந்தார்கள்.

உயிர் கொடுத்தவர்கள், பிரிந்து போனவர்கள்

பாட்டில் சொன்ன கடமையை உயிரால் செய்தவர்களும் உண்டு. 1940 ஜனவரி 10 ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டார். தொழிலாளர் அன்று கேட்டது 16 சதச் சம்பள உயர்வு. 1977 மே 11 ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்துக்கு எதிரான போராட்டம் அது. ஒருவர் கூலிக்காக விழுந்தார், ஒருவர் மண்ணுக்காக விழுந்தார்.

சுடப்படாமலே இழந்தவர்கள் இன்னும் அதிகம். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்த மகனுக்கு இந்தியா, இளைய மகளுக்கு இலங்கை என்று ஒரே காம்பராவுக்குள் இரண்டு நாடு வந்தது. தலைமன்னார் போகும் கோச்சியை அழுகைக் கோச்சி என்றே நம் ஆட்கள் சொன்னார்கள். ஸ்டேசனில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்த சனம் நாம். நீலகிரியிலும் கூடலூரிலும் இன்று தேயிலை எடுக்கிற நம் சொந்தங்களிடமும் அந்தப் பாட்டுகளில் பாதி இருக்கிறது.

அவர்களுடைய தேசபக்தி எந்த நாட்டின் மேல் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? பிறந்த லயத்தின் மேல், நட்ட கொய்யா மரத்தின் மேல், புதைத்த தாயின் மேல் என்றுதான் சொல்ல முடியும். கவிதைக்கு அது போதும். சட்டத்துக்குத்தான் அது போதவில்லை.

எங்கள் பிழை

இங்கே கொஞ்சம் எங்களையும் பார்த்துப் பேசவேண்டும். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 ஆம் ஆண்டுச் சட்டமும் வந்து பிரஜாவுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது. வாக்குச் சீட்டு வந்தது, அடையாள அட்டை வந்தது. கடமை முடிந்தது என்று நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லவில்லை. சொன்னபோதும் தலைவர்களின் கதையாகச் சொன்னோம். இன்னார் பேசினார், இன்னார் கைச்சாத்திட்டார், இன்னார் பெற்றுத்தந்தார் என்றோம். தப்படித்தவர், பாட்டுக் கட்டியவர், சத்தியாக்கிரகத்துக்குப் பொதி சோறு கட்டிக் கொடுத்தவர் யாரும் அந்தக் கதையில் இல்லை. அதைக் கேட்ட பிள்ளை, விடுதலை என்பது பெரிய ஆட்கள் வாங்கித் தருகிற ஒரு சாமான் என்று நினைத்துக்கொண்டது. வாங்கித் தருகிற சாமானைக் காக்கவேண்டிய கடமை யாருக்கும் வராது.

அதன் பலனை இன்று பார்க்கிறோம். கொழும்புக் கடையில் வேலை செய்யும் தம்பியிடம் ஊர் எது என்று கேட்டால் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை என்று டவுனின் பெயரைச் சொல்கிறான். தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. கட்டுநாயக்காவில் போர்டிங்கில் இருக்கும் தங்கையும் அப்படித்தான். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. தோட்டம் என்ற சொல்லோடு சேர்த்துப் பெருமைப்பட ஒரு பாட்டையாவது நாங்கள் கொடுத்தனுப்பினோமா? மே தின ஊர்வலத்தில் கொடி பிடிக்க அவர்களைக் கூப்பிட்டோம். மைக்கை மட்டும் கொடுக்கவில்லை.

கடமையும் முடியவில்லை. லயத்தில் இருக்கிறவருக்கு வந்த கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நேர்முகத் தேர்வுக் கடிதமும் நாள் தப்பிக் கைக்கு வந்த கதை இந்த மண்டபத்திலேயே எத்தனை பேரிடம் இருக்கிறது! வீட்டுக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. பல இடங்களில் வீடு கட்டியும் உறுதி கைக்கு வரவில்லை. விலாசம் இல்லாத ஆளுக்குச் சுதந்திரம் எந்த விலாசத்துக்கு வந்து சேரும்? இதுதான் இன்றைய பிள்ளைகளின் கையில் நாங்கள் கொடுக்கப்போகிற பாக்கி.

எப்படிப்பட்ட கடமை

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இளைஞர்களிடம் கடமையை ஒப்படைக்கும் பாட்டு ஆபத்தான பாட்டாகவும் மாறும். இந்த நாடு அதைப் பார்த்திருக்கிறது. தெற்கிலும் வடக்கிலும் பிள்ளைகளைச் சாவுக்கு அழைத்த பாட்டுகள் இருந்தன. பாட்டு எழுதியவர்களில் பலர் வயதாகிச் செத்தார்கள், பாட்டுக் கேட்ட பிள்ளைகள் இளமையிலேயே போனார்கள். பொன்முடியாரின் தாய் மகனைப் போருக்கு அனுப்பினாள். நாங்கள் எங்கள் பிள்ளைகளை வாழ அனுப்புகிறோம். கோவிந்தனையும் லெட்சுமணனையும் நாங்கள் நினைப்பது இன்னும் இரண்டு பேர் அப்படி விழவேண்டும் என்பதற்காக அல்ல. இனி ஒருவரும் விழாமல் அந்த வேலையை முடிக்கவேண்டும் என்பதற்காக.

இன்னொருவரை வெறுக்கச் சொல்லும் பாட்டும் நமக்கு வேண்டாம். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மரக்கறி போடும் சிங்களக் குடும்பமும் மழைக்கும் கடனுக்கும் பயந்து வாழ்கிற குடும்பம்தான். நம் மண்ணைக் கேட்பதற்கு அவர்களுடைய மண்ணைப் பழிக்கத் தேவையில்லை. இந்த நாடு நம்முடையதும்தான் என்று சொல்வதே நமது தேசபக்தி. அந்த "உம்" என்ற இரண்டு எழுத்தில் நம் பாட்டு முழுவதும் இருக்கிறது.

மூன்றாவது விஷயம். பிள்ளைகள் நம்மைப் போலத்தான் பாடவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கக் கூடாது. மீனாட்சியம்மை அன்றைய மெட்டில் பாடினார். இன்றைய மெட்டு வேறு. போர்டிங் அறையைப் பற்றி, ஓவர்டைம் பற்றி, வெளிநாட்டு வீட்டில் வேலை செய்யும் அம்மாவோடு போனில் பேசுவதைப் பற்றி ஒரு பிள்ளை எழுதினால் அதுவும் மலையகப் பாட்டுத்தான். தேயிலைச் செடி அதில் இல்லையே என்று நாங்கள் முகம் சுளிக்கக் கூடாது. எட்டுப் பேருக்கு ஒரு காம்பரா என்று வாழ்ந்தவர்களின் பேத்தி, எட்டுப் பேருக்கு ஒரு போர்டிங் அறையில் வாழ்கிறாள். அவள் எழுதுவது அதே கதையின் அடுத்த பக்கம்.

செய்யவேண்டியவை

சங்கக் கூட்டம் என்றால் தீர்மானம் வேண்டும். நாங்கள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. செலவில்லாத நாலு வேலையைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று மாதர் தலைவி ஒரு பட்டியல் எடுக்கவேண்டும். அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி, காமன் கூத்துப் பாட்டு, கங்காணிப் பாட்டு எல்லாவற்றையும் இளைஞர் பிரிவுத் தம்பி தங்கைகள் போனில் பதியவேண்டும். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். ஒரு பெரியவர் கண்ணை மூடும்போது ஒரு புத்தகமே மண்ணுக்குள் போகிறது. போன பிறகு ஒப்பாரி வைத்துப் பயனில்லை. அந்த ஒப்பாரிப் பாட்டும் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இரண்டாவது, மாதத்தில் ஒரு மாலை, கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ பிள்ளைகளை இருத்தி, சி. வி. வேலுப்பிள்ளையின் கவிதையையோ நம் கவிஞர் ஒருவரின் கவிதையையோ வாசிக்கவேண்டும். வாசிப்பது பிள்ளைகள், கேட்பது பெரியவர்கள்.

மூன்றாவது, அடுத்த சுதந்திர தினத்துக்குத் தோட்டப் பாடசாலை அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் மரியாதையோடு ஒரு வேண்டுகோள் வைப்போம். மனப்பாடக் கவிதையோடு, பிள்ளை தானே எழுதிய கவிதை ஒன்றுக்கும் மேடையில் இடம் கொடுங்கள் என்று கேட்போம். நமது ஆசிரியர்களில் அநேகர் லயத்திலிருந்து படித்துப் போனவர்கள். மறுக்கமாட்டார்கள்.

நாலாவது தீர்மானம் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொள்வது. 2023 ஆம் ஆண்டு, நாம் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்கள். முன்னோர்கள் காட்டு வழியில் விழுந்து விழுந்து வந்த அதே பாதையில் இளம் பிள்ளைகளும் நடந்தார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. வழியைக் காட்டினால் நடக்கப் பிள்ளைகள் ஆயத்தம் என்பதற்கு அது சாட்சி. ஆகவே இனிமேல் ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் முதல் பத்து நிமிடம் இளைஞர்களுக்கு. பாடட்டும், வாசிக்கட்டும், எங்களிடம் கேள்வி கேட்கட்டும். கேள்வி கசப்பாக இருந்தாலும் தலைவர்கள் இருந்து கேட்கவேண்டும்.

கூடையை நம் தாய்மார் நம்மிடம் தந்தார்கள். அது அவர்களுடைய தெரிவு அல்ல. பாட்டைத் தெரிந்தே தந்தார்கள். கைநோகக் கொழுந்து எடுத்த பிறகும், தொட்டிலை ஆட்டும் நேரத்தில், தூங்காமல் இருந்து தந்தார்கள். அவர்கள் தந்ததில் விலாசம் கேட்கும் கடமை இருக்கிறது, காணி உறுதி கேட்கும் கடமை இருக்கிறது, நியாயமான சம்பளம் கேட்கும் கடமை இருக்கிறது. நான்கு வரியாகச் சொன்னால் பிள்ளைக்கு மறக்காது. நாற்பது பக்கத் தீர்மானமாகச் சொன்னால் எங்களுக்கே மறந்துபோகும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம். மலையில் நிற்கிற ஆள் எங்கே என்று கேட்டாரே, அதை நாங்கள் அவருடைய பேத்தியிடமே கொண்டுபோய்ச் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு கொப்பித் தாளைக் கொண்டுவந்து தந்தாள். அம்மாயியின் கையைப் பற்றி எழுதியிருந்தாள். விரலில் கறை ஏன் போவதில்லை, கூடைக் கயிறு நெற்றியில் வைத்த தழும்பு எந்த நாட்டின் வரைபடம் என்று கேட்டு எழுதியிருந்தாள். அதை நாங்கள் இங்கே வாசித்துக் காட்டப்போவதில்லை. எழுதியவள் முன்வரிசையில் இருக்கிறாள். அம்மாயியும் பக்கத்தில் இருக்கிறார்.

தீர்மானத்தை இப்போதே நடைமுறைப்படுத்துகிறோம். பிள்ளை, மேலே வாம்மா. மைக்கைப் பிடி. நாங்கள் கீழே போய் உட்கார்ந்து கேட்கிறோம்.